க்னிகேயும் முள்கரண்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று வகுத்தவர் ஜெர்மானியப் பிரபு அடோல்ஃப் க்னிகே என்று பண்புப் பயிற்சி நடத்துவோர் சொல்லி வருகிறார்கள். தவறு. 1788இல் வெளிவந்த அவருடைய நூல், மனிதர்களோடு பழகும் முறையைப் பற்றியது. மேசை விதிகளெல்லாம் அவர் மறைந்தபின் பிறர் ஒட்டவைத்தவை.

ஹனோவர் அருகே 1752இல் பிறந்தார். 1766இல் தந்தை இறந்தபோது மிஞ்சியது 130,000 தாலர் (அக்கால ஜெர்மானிய வெள்ளி நாணயம்) கடன். கடன்காரர்கள் நிலத்தைத் தங்கள் பிடியில் வைத்துக்கொண்டு, பையனுக்கு ஆண்டுக்கு 500 தாலர் அளந்தார்கள். அதை ஒரு காசு தொடாமல் திருப்பிக் கட்டினாலும், வட்டியில்லாமல் அசல் தீரவே 260 ஆண்டு! அரண்மனை வேலை தேடியதற்கு அதுதான் காரணம். ஆடம்பர ஆசை இல்லை.

1771இல் ஜெர்மனியின் காசல் நகர அரண்மனையில் சேர்ந்தார். நில வருவாய்க் கணக்கும் அவர் பொறுப்பில் இருந்தது. நம் தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) வேலை மாதிரிதான். வாய்த்துடுக்கும் கோள்மூட்டலும் சேர்ந்து 1775க்குள் வெளியேற்றின. வைமார் அரண்மனையில் 1777இல் கௌரவப் பட்டம் மட்டும் கிடைத்தது. இல்லுமினாட்டி என்ற ரகசியச் சங்கத்தில் இருந்ததும் நான்கே ஆண்டு, தலைவரோடு சண்டை.

இப்படி மேலிடத்தில் அடிபட்டதால்தான், அதிகாரமும் செல்வமும் உள்ள பெரிய மனிதர்களிடம் எப்படி நடப்பது என்று நூலின் மூன்றாம் பாகத்தில் அவ்வளவு துல்லியமாக எழுத முடிந்தது. விலங்குகளிடம் நடந்துகொள்வதைப் பற்றியும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு.

1790இல் பிரேமனில் ஹனோவர் அரசின் அதிகாரியானார். 1796இல், 43 வயதில் இறந்தார். நிலம் கடைசிவரை கைக்கு வரவில்லை.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்