குடம் வரை சோதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் பட்டதும் ஒரே நிமிடத்தில் தண்ணீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும் தூளைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இதற்கு முன்னோடியாக, ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வேதிப்பொருள் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் எழுதினார்கள். அந்தப் பொருளுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அது ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் அறிவித்த தூளில் மாலிப்டினம் சல்பைடும் செம்பும் இருப்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதற்குப் பயன்படுகிறது. உள்ளே இரும்பு ஆக்சைடு இருப்பதால், வேலை முடிந்ததும் காந்தத்தால் தூளை வெளியே இழுத்துவிடலாம். அருமையான யோசனை.

ஆனால், இனி குளோரின் வாடையே இல்லாத தண்ணீர் குடிக்கலாம் என்று கட்டுரையை முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒளி பட்டவுடன் தண்ணீரில் உண்டாகும், எதையும் உடனே தாக்கும் ஹைட்ராக்சில் ராடிகல் என்ற துகள்தான் பாக்டீரியாவின் உறையைத் தாக்குகிறது. அது கண நேரம்கூடத் தாங்காது. தூளை எடுத்துவிட்டுத் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால், அதற்குக் காவல் எதுவும் மிஞ்சாது. குளோரின் மிஞ்சும். அதனால்தான் குளோரின் கலந்த குடிநீரில், மக்கள் பிடிக்கும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை.

தெருக்குழாய்த் தண்ணீரில், குளோரின் இருக்கிறதா என்று காட்டும் ஓ.டி. கரைசலைச் சொட்டுவிட்டால் பளிச்சென்று மஞ்சள் நிறம் வரும். அதே தெருவில் ஒரு வீட்டுக் குடத்திலிருந்து எடுத்துப் பார்த்தால், பல நேரம் நிறமே வராது. அந்தக் குடத்துத் தண்ணீரை, கிருமி இருந்தால் கறுக்கும் சோதனைப் புட்டியில் ஊற்றி வைத்தால், மறுநாள் காலையில் மை கலந்தாற்போல் கறுத்துக் கிடக்கும். குழாயில் நன்றாக வந்த தண்ணீர்தான் அது. டம்ளரோடு உள்ளே போன விரல்களும் திறந்து கிடந்த மூடியும் கெடுத்தன. இந்தக் காட்சியை நான் எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஆய்வகக் குடுவையில் எடுத்துக்கொள்ளும் தண்ணீர் தெளிவானது, அளவும் சில நூறு மில்லி. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பும் கடினமும் கொண்டது. அதிலுள்ள பைகார்பனேட்டே ஹைட்ராக்சில் ராடிகலைத் தின்றுவிடும். மழைக்காலக் கலங்கலில் ஒளி உள்ளேயே போகாது.

வெயிலை நம்பாதவள் அல்ல நான். தெளிந்த தண்ணீரைப் பெட் (PET) எனும் ஒளி புகும் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி 6 மணி நேரம், மேகமூட்டமென்றால் 2 நாள், வெயிலில் வைத்துக் குடிக்கும் முறை பெய்ரூட்டில் தொடங்கி உலகெங்கும் பரவியது. எந்தத் தூளும் வேண்டாம். அதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதே வேலூரின் குடிசைப் பகுதியில், ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளிடம் ஆறு மாதம் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். வயிற்றுப்போக்கு 40 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறு தண்ணீரும் குடித்தவர்கள்தான். பாட்டிலிலிருந்தே நேராகக் குடிப்பதால் கை உள்ளே போக வழியில்லை என்பது இம்முறையின் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன். தமிழ்நாட்டிலேயே நடந்த இந்த ஆய்வைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

புதிய தூள் வரட்டும். நம் பல்கலைக்கழகங்கள் அதைப் பாலாற்று ஊற்றுநீரிலும் கடின போர்வெல் நீரிலும் போட்டுப் பார்க்கட்டும். தண்ணீர் சுத்தமான அந்த ஒரு நிமிடத்தோடு நிறுத்தாமல், ஒரு வீட்டுக் குடத்தில் 24 மணி நேரம் கழித்தும் அதே தண்ணீரைச் சோதித்து முடிவை வெளியிடட்டும். அதுவரை எந்த ஊராட்சியும் மேல்நிலைத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவதை நிறுத்திவிடக் கூடாது. வாசனை பிடிக்கவில்லை என்று புகார் சொல்பவர்களுக்கு, தண்ணீரை ஒரு மணி நேரம் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டு, பிறகு மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள் என்று தாங்கள் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பரிசோதனைக் கூடப் பணியாளர்,
குடியாத்தம்.