அரைப்பதற்கு முன் கச்சானைப் பொறுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரில் கல்லீரல் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். மது, கல்லீரலில் படியும் கொழுப்பு, ஹெப்படைடிஸ் பி, சி கிருமிகள் எனக் காரணங்களை நன்றாகவே விளக்கியிருந்தார்கள். ஆனால் நம் சமையலறை அலமாரியில் இருக்கும் ஒரு காரணம் அதில் விடுபட்டுவிட்டது. கச்சான் (வேர்க்கடலை), காய்ந்த மிளகாய், சோளம் போன்றவற்றில் வளரும் பூசணம் சுரக்கும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சுதான் அது. உணவுப் பரிசோதனைத் துறையில் இருக்கும் எங்களுக்கு இதில் சொல்ல வேண்டியது முக்கியமாக ஒன்றுதான். இந்த நஞ்சை வீட்டிலும் கடையிலும் தடுக்க, கண்ணும் கையும் பெரிய அளவில் உதவும். ஆனால் அரைப்பதற்கு முன் செய்தால்தான் உதவும்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு இருந்தது. அதை ஆராய்ந்தபோதுதான் அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணமும் அதன் நஞ்சும் அடையாளம் காணப்பட்டன. இன்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அஃப்லாடாக்சினை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றுக்கே அந்தப் பிரிவு.

'நன்றாக வறுத்துவிட்டால் எல்லாம் செத்துவிடும்' என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பூசணம் சாகும் என்பது உண்மைதான். அது ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சு சாகாது. இந்த நஞ்சின் முக்கிய வகையான அஃப்லாடாக்சின் பி1 உருகிச் சிதைவது ஏறக்குறைய 268 டிகிரி செல்சியஸில். கொதிநீர் 100 டிகிரி, பொரிக்கும் எண்ணெய் சுமார் 180 டிகிரி. வறுக்கும்போது ஒரு பகுதி குறையும், முழுதாகப் போகாது. நஞ்சுக்கென்று தனி மணமோ நிறமோ இல்லை. பூசணம் கெடுத்த பருப்புதான் கண்ணுக்குத் தெரியும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை மூலக்கூறு உயிரியலாளர்கள் படிப்படியாகக் கண்டறிந்திருக்கிறார்கள். நஞ்சு குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகிறது. அங்குள்ள சைட்டோகுரோம் நொதிகள், குறிப்பாக 3ஏ4, 1ஏ2 ஆகியவை, அதை வெளியேற்றும் முயற்சியில் எப்பாக்சைடு என்ற வீரியமான வடிவமாக மாற்றிவிடுகின்றன. அந்த எப்பாக்சைடு டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான குவானினோடு போய் ஒட்டிக்கொள்கிறது. செல் அதைச் சரிசெய்யாமலே பிரிந்தால், குவானின் இருந்த இடத்தில் தைமின் என்ற வேறோர் எழுத்து வந்து உட்கார்ந்துவிடும். செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் பி53 மரபணுவின் 249-ஆம் குறியீட்டில் (மூன்றெழுத்துத் தொகுதியில்) இது நேர்ந்தால், புரதத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் வரவேண்டிய இடத்தில் செரின் வருகிறது, காவல் தளர்ந்துவிடுகிறது. சீனாவின் சிடோங் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கல்லீரல் புற்றுக் கட்டிகளில் இதே மாற்றம் திரும்பத் திரும்ப இருப்பதை 1991-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஒரு குறிப்பிட்ட உணவு நஞ்சு, ஒரு குறிப்பிட்ட மரபணுவில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் விட்ட தடயத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்றுகள் அரிது.

சிடோங்கில் அதற்குப் பிறகு நடந்ததும் நமக்கு முக்கியம். 1980-களில் அங்குள்ள மக்கள் சோளத்திலிருந்து அரிசிச் சோற்றுக்கு மாறினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் இரத்தத்தில் அஃப்லாடாக்சின் தடயம் வீழ்ந்தது, கல்லீரல் புற்றுநோயும் கணிசமாகக் குறைந்தது. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி வருவதற்கு முன்பே பிறந்த பெரியவர்களிடமும் குறைந்தது என்பதால், உணவு மாற்றத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

இரத்தத்தில் எப்படி அளக்கிறார்கள்? நஞ்சின் ஒரு பகுதி ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆல்புமினின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி அழிய ஆகும் காலம், சுமார் 20 நாள். ஆகவே அதை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ஒருவர் எவ்வளவு உட்கொண்டார் என்பது தெரியும். பினாங்கிலேயே இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 170 நலமான பெரியவர்களின் இரத்தத்தை இப்படி ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், 97 விழுக்காட்டினரிடம் தடயம் இருந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர். நம்மைப் போல் கச்சானும் கடலை சேர்த்த பண்டமும் தின்பவர்கள்.

பெரிய அளவில் ஒரே வேளையில் உட்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்நாடு 1988-இல் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பேராக்கில் லோ ஷீ ஃபன் நூடல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அப்படிப்பட்ட துயரம் செய்தியாகிறது, சட்டத்தை நகர்த்துகிறது. நாள்தோறும் சிறிது சிறிதாக இருபது முப்பது ஆண்டுகள் உள்ளே போகும் நஞ்சு எந்தச் செய்தியிலும் வருவதில்லை. இதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

இங்கே ஹெப்படைடிஸ் பி பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கிருமி இரத்தத்தில் நிலைத்திருப்பவருக்கு அதே அளவு அஃப்லாடாக்சின் விளைவிக்கும் புற்றுநோய் அபாயம், கிருமி இல்லாதவரைவிடச் சுமார் 30 மடங்கு. மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு முறையாவது கிருமி உடலில் உள்ளதா என்று காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் இரத்தச் சோதனை செய்துகொள்வது நல்லது. கிருமியும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என மூன்று ஊசிகள் போதும்.

இனி கச்சானுக்கு வருவோம். இந்த நஞ்சு மூட்டை முழுதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒன்றிரண்டில் குவிந்திருக்கும். ஒற்றைப் பருப்பில் கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற செறிவுகூட ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிராம் எடையுள்ள அப்படிப்பட்ட ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கும். மேற்கொண்டு பதப்படுத்தப்போகும் கடலைக்குக் கோடெக்ஸ் அனைத்துலக உணவுத் தரம் வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஆக, அந்த ஒரே பருப்பை அரைத்துக் கலந்தால் 33 கிலோ கடலை வரம்பைத் தொட்டுவிடும். மற்ற எல்லாப் பருப்பும் தூய்மையாக இருந்தாலும் இதே கதிதான்.

கைப்பிடி கடலையை எடுத்துப் பரிசோதித்து 'நல்லது' என்று சான்று தருவதில் பொருளில்லை என்பதும் இதனால்தான். 25 டன் சரக்குக்கு 20 கிலோ மாதிரி எடுக்க வேண்டும் என்கிறது கோடெக்ஸ் முறை. அதுவும் ஒரே இடத்திலிருந்து அல்ல, பல மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாக. அந்த 20 கிலோவையும் அரைத்து நன்றாகக் கலந்த பிறகுதான் சோதனைக்கு உரிய சிறு அளவைப் பிரிக்க வேண்டும். இடையில் சோம்பல்பட்டு முழுப் பருப்பிலேயே 100 கிராம் அள்ளினால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் போட்டாலும் வரும் எண்ணை நம்ப முடியாது. கடைக்காரர்கள் தங்கள் மொத்த வியாபாரியிடம் சான்றிதழ் கேட்கும்போது மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நஞ்சு ஒருசில பருப்பில் குவிந்திருப்பது நமக்குச் சாதகமும்தான். அந்தப் பருப்புகளை எடுத்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். வெள்ளைத் தட்டில் அரைக் கிலோவை ஒரே அடுக்காகப் பரப்பி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுருங்கியவை, முற்றாதவை, பூச்சி துளைத்தவை, தோல் கிழிந்தவை, கறுத்தவை, பச்சையோ மஞ்சளோ பூத்தவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு மிதமான தீயில் வறுத்து, ஆறவிட்டு, தேய்த்துத் தோலை நீக்குங்கள். நல்ல பருப்பின் தோல் எளிதாகக் கழன்று உள்ளே வெளிர் நிறம் தெரியும். தோல் விடாமல் ஒட்டிக்கொண்டும், மற்றவற்றைவிடக் கருத்தும் இருப்பவற்றை மறுபடி பொறுக்குங்கள். இரண்டாகப் பிளந்தவற்றின் உட்குழியில் சாம்பல் நிறத் தூசு தெரிந்தால் அதுவும் வேண்டாம். பெரிய ஆலைகள் தோல் நீக்கி மின்னணு நிறப் பிரிப்பானில் விடுவதும் இதே அடிப்படையில்தான். தோலோடு உப்புப் போட்டு வறுப்பதில் இந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. ஆகவே கச்சாங் பூத்தே (வறுத்த கடலைத் தின்பண்டம்) தயாரிப்பவர்கள் பச்சைப் பருப்பைப் பொறுக்குவதில் இரட்டைக் கவனம் வைக்க வேண்டும்.

சாத்தே குழம்பு, பசெம்பூர் குழம்பு, கடலைச் சட்னி, கடலைப்பொடி ஆகியவற்றுக்கு உடைசல் கடலையை மலிவாக வாங்கும் பழக்கம் இருக்கிறது. எங்கள் பார்வையில் இதுதான் மிக ஆபத்தான பழக்கம். பொறுக்கி ஒதுக்கியதும் உடைந்ததும்தான் பெரும்பாலும் உடைசலாக வருகிறது. உடைந்த பருப்பில் பூசணம் நுழைவதும் எளிது. காரமும் புளியும் சர்க்கரையும் சேர்ந்த குழம்பில் கசப்பும் நாக்குக்கு எட்டாது. முழுப் பருப்பாகத் தின்பவர் கசந்தால் துப்பிவிடுவார். அரைத்துக் குழம்பாக்கியதும் ஒரு பருப்பின் நஞ்சு அத்தனை பேர் தட்டுக்கும் போகிறது. முழுப் பருப்பு வாங்கி, பொறுக்கி, பிறகு அரைப்பவர்கள் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரிங்கிட் கூடுதலாகச் செலவழித்தாலும் அது வாடிக்கையாளருக்குச் செய்யும் பெரும் நன்மை.

சேமிப்பில் எதிரி ஈரம். பருப்பின் ஈரப்பதம் 7 விழுக்காட்டுக்குள் இருந்தால் பூசணம் வளராது. ஆனால் பினாங்கின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது, வெப்பமும் அந்தப் பூசணம் விரும்பும் 30 டிகிரியைச் சுற்றியே. கப்பலிலிருந்து காய்ந்து வந்த கடலையும், வாய் திறந்த சாக்கில் சில வாரம் கிடந்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, சுவரிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். பகலில் குளிர்சாதனம், இரவில் அணைத்துவிடுதல் என்றால் மூட்டைக்குள் நீர் வியர்க்கும். அதைவிட ஒரே சீரான வெப்பத்தில் காற்றோட்டமாக இருப்பது மேல். வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். டப்பா அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் பருப்பின் மேல் நீர் படியாது.

காய்ந்த மிளகாய்க்கும் இதே கவனம் வேண்டும். ஆலைக்கு எடுத்துப் போகும் முன் காம்பைக் கிள்ளும்போது சந்தேகமான காயை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வெளியே சிவப்பாக இருந்தும் உள்ளே விதையைச் சுற்றி வெண்சாம்பல் பூத்திருக்கும். வெளுத்தவை, மென்மையாகி வளைபவை, விதை கறுத்தவை வேண்டாம். வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகு அரையுங்கள். தூளாகப் பொட்டலத்தில் வாங்குபவருக்கு இந்தத் தேர்வு எதுவும் கிடையாது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலும் கவனம் தேவை. சுத்திகரிப்பில் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்து வெளுக்கும்போது நஞ்சு நீங்கிவிடுகிறது. செக்கெண்ணெய்க்கு அந்தப் படி இல்லை என்பதால் ஆட்டும் கடலையே சுத்தமாக இருந்தாக வேண்டும்.

பொறுக்கி எடுத்த கழிவைப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். விற்கக் கூடாது, கோழிக்குக் கொட்டக் கூடாது. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைப் பசு தின்றால், ஒரு நாளைக்குள் அஃப்லாடாக்சின் எம்1 என்ற வடிவில் நஞ்சு பாலில் வந்துவிடும், பாலைக் காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலை முதலில் குடிப்பது குழந்தைகள்.

1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்கீழ் அஃப்லாடாக்சினுக்கு வரம்பு வைக்கும் விதிகள் இந்நாட்டில் உள்ளன. துறைமுகத்தில் சோதனையும் நடக்கிறது. ஆனால் சரக்கு கிடங்குக்குப் போன பிறகு மாதக்கணக்கில் ஈரத்தில் கிடப்பதை அந்தச் சோதனை காட்டாது. சுகாதார அமைச்சு கிடங்குகளிலும் சில்லறைச் சாக்குகளிலும் மழைக்காலத்தில் மாதிரி எடுக்க வேண்டும், உடைசல் கடலையைத் தனியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். பிரித்து விற்கும் கடைகள், மூட்டை எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் பிரிக்கப்பட்டது என்று ஓர் அட்டையில் எழுதிச் சாக்கில் குத்திவைக்கலாம். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும் இப்போதே இதைத் தொடங்கும்படி ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த், பிறை வணிகர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உணவுப் பரிசோதனைத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு