துவக்கு லைசென்சும் பழைய கேஸும்

கோப்பாய்
ஐப்பசி

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கனடாவில், ஒஷாவாவில் வீடு வாங்கின செய்தி கேட்டு இங்கே எல்லாருக்கும் பெரிய சந்தோஷம். இங்கே மாரி தொடங்கிவிட்டது. வெங்காயத் தறையெல்லாம் தண்ணி நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் நோவு குறையவில்லை, மற்றபடி சுகம்.

இனி நீ கேட்ட விஷயம். மருமகனோடு மான் வேட்டைக்குப் போக ஆசை, ஆனால் 2013இல் வெறியில் கார் ஓடின கேஸ் இருக்கிறதே, துவக்கு லைசென்ஸ் தருவாங்களோ என்று கேட்டிருந்தாய். அங்கே வழக்கறிஞர் கந்தோரில் இவ்வளவு காலம் கோப்புப் பார்த்தவன் என்ற முறையில் சொல்லுறன்: அந்த ஒரு கேஸ், அதுவும் ஒருவருக்கும் காயம் இல்லாத கேஸ், தன்பாட்டில் உன்னைத் தடுக்கிறது அரிது. அதை மறைத்தால் நிச்சயம் பிரச்சினை வரும். விண்ணப்பத்தில் தெரிந்துகொண்டு பொய் எழுதுகிறதே தனிக்குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை.

பழைய ஆட்கள் சிலர் “ஐந்து வருஷம் கழிந்தால் பார்க்கமாட்டாங்கள்” என்று சொல்லுவினம். நம்பாதே. முந்தி சட்டம் கடைசி ஐந்து வருஷத்தைத்தான் கட்டாயம் பார்க்கச் சொன்னது. 2019இல் சட்டம் திருத்தி, 2021 யூலை 7 முதல் முழு வாழ்நாளையும் பார்க்கிறார்கள். லைசென்ஸ் தருகிற அதிகாரி கவனிக்க வேணும் என்று சட்டம் பேர் சொல்லி வைத்திருப்பவை வன்முறை, மிரட்டல், போதைமருந்துக் கடத்தல், துவக்குக் குற்றங்கள் போன்றவை. வெறியில் ஓடினது அந்த வரிசையில் தனியாக இல்லை. ஆனால் இந்த ஆளிடம் துவக்கு இருந்தால் ஆருக்கும் ஆபத்தோ என்று அந்த அதிகாரி, அதாவது மாகாணச் சுடுகலன் அதிகாரி, பொதுவாகப் பார்க்கலாம். அதில் அவர் தேடுகிறது குடி தொடர்கிறதா, வீட்டில் சண்டை சச்சரவு இருக்கிறதா, பொலிஸ் வந்து போயிருக்கிறதா என்பதை. ஒரு கேஸும், அதுக்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேலே ஒன்றுமில்லை என்பதும் ஒரு கதை. மூன்று கேஸ் என்றால் வேறு கதை.

ஆகவே படிவத்தைத் தொடமுன் உன் கேஸ் எப்படி முடிந்தது என்று கடதாசியில் பார். உன் கடிதத்தில் “சார்ஜ் பண்ணினாங்கள், தண்டம் கட்டினன்” என்று மட்டும் இருக்கிறது. அது போதாது. குற்றவியல் சட்டத்தின் பழைய 253ஆம் பிரிவில் குற்றவாளியாகக் கண்டார்களா, இல்லாவிட்டால் பேச்சுவார்த்தையில் மாகாண வீதிச்சட்டத்தின் கவனயீனமாக ஓடின குற்றமாகக் குறைத்தார்களா? பின்னது என்றால் அது குற்றவியல் தீர்ப்பே இல்லை. ஆனாலும் முதலில் போட்ட சார்ஜ் பொலிஸ் பதிவில் இருக்கலாம், அதையும் சொல்லத்தான் வேணும். ஊதிப் பார்த்து மதுசார அளவு 50க்கும் 80க்கும் இடையில் வந்து மூன்று நாள் கார் ஓடுகிற லைசென்ஸைப் பறித்ததோடு விட்டிருந்தால் அது சார்ஜே இல்லை. வழக்கு நடந்த நீதிமன்றக் கந்தோரில் குற்றப்பத்திரத்தின் அத்தாட்சிப் பிரதி கேள். பெரும்பாலும் அதன் பின்பக்கத்தில்தான் நீ குற்றத்தை ஒப்புக்கொண்டாயா என்பதும் தீர்ப்பும் தண்டமும் எழுதியிருக்கும். துவக்கு வைத்திருக்கக் கூடாது என்ற தடை ஏதும் அதோடு சேர்ந்து வந்ததா என்றும் பார். வெறிக் கேஸில் அது வழமை இல்லை. ஆனால் தடை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் காலம் முடியும் வரைக்கும் லைசென்ஸ் கிடையாது.

மன்னிப்புக்கு, அதாவது பழைய குற்றப் பதிவை ஒதுக்கி வைக்கச் சொல்லி, முதலில் விண்ணப்பிக்க வேணுமோ என்றும் கேட்டாய். துவக்கு லைசென்சுக்கு அது நிபந்தனை இல்லை. எடுத்தால் நல்லது, இப்போது கட்டணமும் 50 டொலர்தான். சுருக்கமுறை வழக்கு, அதாவது சிறு குற்றமாக நடத்தின வழக்கு என்றால் தண்டனை முழுக்க முடிந்து ஐந்து வருஷம் கழிந்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம். பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான்: தண்டத்தோடு வந்த மேலதிகக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டிருந்தால், அதைக் கட்டின நாளிலிருந்துதான் அந்த ஐந்து வருஷம் எண்ணப்படும்.

பிறகு லைசென்சுக்கு எடுக்க வேண்டிய துவக்குப் பாதுகாப்புப் பாடநெறி. எழுத்துச் சோதனை 50 கேள்வி, 80 வீதம் எடுக்க வேணும். செய்முறைக்கும் 80 வீதம். செய்முறையில் ஆட்கள் தோற்கிறது அறிவு குறைவால் இல்லை, கைப்பழக்கத்தால். துவக்கைத் தூக்கினதும் விரல் விசைக்குப் போகும், இல்லாவிட்டால் திரும்பிக் கதைக்கும்போது குழல் வாய் சோதிக்கிறவரின் பக்கம் திரும்பும். வீட்டில் ஒரு தடியை வைத்து, விரலை நீட்டிப் பக்கத்தில் பிடித்து, வாயை எப்போதும் ஒரே திசையில் வைத்துப் பழகு.

லைசென்ஸ் விண்ணப்பப் படிவத்தின் இலக்கம் 5592. உன்னை மூன்று வருஷமாவது தெரிந்த இரண்டு பேரின் பெயர் வேணும், மனைவி அதில் சேராது. மனைவிக்குத் தனி இடம் இருக்கிறது. அவ கையெழுத்து வைக்காவிட்டாலும் விண்ணப்பம் போகும், ஆனால் அவவுக்கு அறிவிப்பார்கள். கடந்த இரண்டு வருஷத்துக்குள் பிரிந்த துணைக்கும் இதே விதி. குடிக்காக வைத்தியம் செய்தாயா என்றும் ஒரு கேள்வி வரும். உண்மையை எழுது. “ஆம்” என்று குறித்துவிட்டு விளக்கம் வைக்காமல் அனுப்பினால் கோப்பு அப்படியே கிடக்கும்.

விளக்கத்தை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதே. திகதி, ஊர், நீதிமன்றம், எந்தப் பிரிவு, தண்டம் எவ்வளவு, கட்டின நாள், ஓட்டத்தடை முடிந்த நாள், அதுக்குப் பிறகு கேஸ் இல்லை. இவ்வளவும் போதும். “அண்டைக்கு ஒரு கலியாணவீடு” என்று காரணம் சொல்லத் தொடங்காதே, வாசிக்கிறவருக்கு அது சாட்டாகத்தான் படும். தீர்ப்புக்குப் பிறகு ஒன்ராறியோவில் வெறியில் ஓடினவர்களை எடுக்கச் சொல்லுகிற ‘பாக் ஒன் ட்ராக்’ திட்டம் முடித்த சான்றிதழ் இருந்தால் கட்டாயம் சேர்.

முதல்முறை எடுக்கிறவருக்கு ஆகக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு சட்டத்திலேயே இருக்கிறது. உன் போல கோப்புக்கு அதிலும் கூடப் பிடிக்கும். உனக்கோ நீ பெயர் கொடுத்தவைக்கோ தொலைபேசி வரலாம். அவைக்குக் கேஸைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வை, கேட்கிறவர் மூலமாக அவை அறியக் கூடாது. மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் தருவார்கள். 30 நாளுக்குள் மாகாண நீதிபதியிடம் போகலாம், ஆனால் மறுத்தது பிழை என்று நீதான் காட்ட வேணும்.

கிடைத்த பிறகும் கவனம். லைசென்ஸ் உள்ளவரின் பெயரைப் பொலிஸ் பதிவோடு தொடர்ந்து ஒப்பிடுகிறார்கள், புதுச் சம்பவம் ஒன்று பதிந்தால் அதிகாரியின் மேசைக்கு வரும். இங்கே வன்னியில் பன்றிக்குப் பயிர் பறிகொடுக்கிறவர்கள் கச்சேரிக்கு அலைந்து எடுக்கிற லைசென்ஸ் மார்கழி 31உடன் முடிந்து வருஷாவருஷம் புதுப்பிக்க வேணும். உனக்கு ஐந்து வருஷம்.

உன் தம்பிக்கும் இதே மாதிரிக் கேஸ் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவன் இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை என்றால் துவக்கை மறந்துவிட்டு முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். 2018 டிசம்பர் 18க்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை பத்து வருஷம். நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவருக்கு அது வதிவிடத்துக்கே பெரிய ஆபத்து.

கோட் கடதாசி கைக்கு வந்ததும் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பு. விளக்கத்தை அனுப்பமுன் நான் ஒருக்காப் பார்க்கிறன்.

அன்புடன்,
உன் மச்சான்