லப்பர் பந்து என்றேன்

பாலக்கோடு

கண்ணு,

நீ டிவியில் சேர்த்து வைத்துவிட்டுப் போன படங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். போனில் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

'மகாராஜா' அப்பாவுக்குப் பிடித்தது. முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். நான் நடுவில் களி கிண்ட எழுந்து போனேன், திரும்பி வந்தால் கதை பிடிபடவில்லை. 'லப்பர் பந்து' ஓடும்போது அப்பாவும் பக்கத்து வீட்டுப் பையன்களும் போட்ட கூச்சலில் விஜயகாந்த் பாட்டு மட்டும்தான் என் காதில் விழுந்தது.

'மெய்யழகன்' பார்த்து அழுதேன். விழுந்து விழுந்து கவனிக்கிறவன் பேர் என்னவென்றே தெரியாமல் அரவிந்த்சாமி தவிக்கிறாரே, கல்யாண வீடுகளில் என் கதியும் அதுதான். தியேட்டரில் ஓடும்போதே 18 நிமிஷம் வெட்டினார்களாம். சொந்தக்காரர் பேச்சு நீளமாகத்தானே இருக்கும், அதை ஏன் வெட்டணும்?

அப்புறம் 'கொட்டுக்காளி'. டிவியில் சத்தம் போய்விட்டதோ என்று ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், அவ்வளவுதான். தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வருகிற சூரியைப் பார்க்கவே பயமாக இருந்தது. பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு பெண்ணைச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள், அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். வழியில் ஒரு காளை மறிக்கிறது. இத்தனை ஆம்பளைகளும் முழித்துக்கொண்டு நிற்க, ஒரு சின்னப் பிள்ளை வந்து அதை ஓட்டிப் போகிறது. அங்கே சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

நீ பிறக்கும் முன்னால், உன் சின்ன அத்தையை இப்படித்தான் ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பென்னாகரம் பக்கம் போனோம். பார்த்து வைத்த மாப்பிள்ளை வேண்டாம் என்றாள், அவ்வளவுதான். கால் கட்டிய சேவலை மடியில் வைத்திருந்தது நான்தான். வழியெல்லாம் அதன் நெஞ்சு என் கையில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. பூசாரி வேப்பிலையை ஓங்கியபோது அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் குனிந்து சேவலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

படத்தில் கடைசியில் என்ன ஆனது என்று சொல்லவில்லை. "பாதியிலேயே நிறுத்திட்டானே" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

நேற்று அத்தை ஒரு பை மாங்காய் கொண்டு வந்தாள். "இப்ப என்ன படம் பாத்தீங்க அண்ணி?" என்று கேட்டாள்.

லப்பர் பந்து என்றேன்.

அம்மா