டி.எஸ்.ஆர். நிரல்கள்: ஓசியில் கொடுத்தவர்களை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் டாஸ் (பழைய பிசிகளின் இயங்குதளம்) காலத்துக் கணினிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். டாஸில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும் என்று சொல்லிவிட்டு, அதற்கு விலக்காக 1984இல் போர்லண்ட் நிறுவனம் வெளியிட்ட சைட்கிக்கை (வேறு நிரல் ஓடும்போதே ஒரு விசையில் எழும் குறிப்பேடு, கணிப்பான் தொகுப்பு) மட்டும் குறிப்பிட்டிருக்கிறார் கட்டுரையாளர். சைட்கிக் சக்கைப்போடு போட்டது உண்மைதான். ஆனால் அது காசு கொடுத்து வாங்கும் சரக்கு. வேலை முடிந்த பிறகும் நினைவகத்திலேயே தங்கியிருக்கும் அதே டி.எஸ்.ஆர். (Terminate and Stay Resident) உத்தியில் எழுதப்பட்டு இலவசமாகவே கைமாறிய குட்டி நிரல்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த நுட்பத்தை மெருகேற்றியதில் அவற்றை எழுதியவர்களுக்குத்தான் பெரிய பங்கு என்பது என் கட்சி.

வேலை முடிந்ததும் நினைவகத்தைக் காலி செய்துவிட்டுப் போவது டாஸ் நிரல்களின் வழக்கம். டி.எஸ்.ஆர். நிரல் மட்டும் ஓர் இன்டரப்டை (நடப்பு வேலையை நிறுத்தி வேறொன்றைக் கவனிக்கச் சொல்லும் குறுக்கீட்டுச் சமிக்ஞை) தன் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். திரையின் மூலையில் மணி காட்டும் நிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐபிஎம் பிசியின் டைமர் வினாடிக்குச் சுமார் 18.2 முறை தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இந்த நிரல் விழித்து, மணியைக் கணக்கிட்டு, டாஸைக் கேட்காமலே திரைக்கான நினைவகத்தில் நேராக எழுதிவிட்டு, கட்டுப்பாட்டை அடுத்தவரிடம் விட்டுவிடும். அவசரமாக எழுதப்பட்டதாக இருந்தால், சிஜிஏ (ஐபிஎம்மின் ஆரம்பகால வண்ணத்திரை அட்டை) திரையில் வரைபடம் போடும்போது மேல் வலது மூலையில் வண்ணப் புள்ளிகள் மினுமினுக்கும். அவைதான் மணி! திரை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் எழுத்துகளைக் கொட்டியதன் விளைவு.

நினைவகம் இருந்ததே 640 கே (கிலோபைட்). பல இயந்திரங்களில் அதுவும் இல்லை. அதனால் இவர்கள் ஒவ்வொரு பைட்டையும் எண்ணித்தான் செலவழித்தார்கள். நிறுவும் பகுதியை நிரலின் கடைசியில் வைப்பார்கள். அது ஒருமுறை ஓடினால் போதுமே; ஓடி முடிந்ததும் அந்த இடத்தை டாஸிடமே விட்டுவிட்டு, மீதியை மட்டும் தங்க வைப்பார்கள். பல மணிகாட்டிகள் சில நூறு பைட்டுக்குள் அடங்கியது இப்படித்தான்.

அமெரிக்காவின் பிசி மேகசின் இத்தகைய நிரல்களை அசெம்பிளி (இயந்திர மொழிக்கு நெருக்கமான மொழி) வரிகளாகவே அச்சிட்டது. வாசகர்கள் டாஸோடு வந்த டீபக் என்ற கருவியிலோ பேசிக் மொழியிலோ தட்டெழுதி, ஓடக்கூடிய ஒரு காம் (.COM) கோப்பை உண்டாக்கிக்கொள்வார்கள். பிற்பாடு விண்டோஸ் நிரலாக்கத்தைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்த சார்லஸ் பெட்சோல்டும் அங்கே இப்படிக் குட்டி நிரல்கள் எழுதியவர்தான். பெட்டியில் போட்டு விற்ற மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இதில் எல்லாமே கண்முன் இருந்தது.

சண்டையும் இல்லாமல் இல்லை. தங்களை எழுப்ப இரண்டு நிரல்கள் ஒரே விசையைப் பிடித்துக்கொண்டால் கணினி உறைந்தும் போகலாம். நடுவில் இருக்கும் ஒன்றைக் கழற்றினால் அதற்குப் பின் வந்தவற்றின் சங்கிலி அறுந்துவிடும். இதற்கு நல்ல வழி சொன்னதும் ஓர் இலவசத் தொகுப்புதான். டர்போபவர் நிறுவனத்தின் கிம் கோக்கனன் எழுதிய மார்க், இன்டரப்ட் முகவரிகள் இருக்கும் 1024 பைட் அட்டவணையைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ரிலீஸ் என்று கொடுத்தால் பழைய அட்டவணை திரும்பிவிடும், மார்க்குக்குப் பின் ஏறிய எல்லாமே இறங்கி இடமும் காலியாகும். அப்புறம் ரால்ஃப் பிரவுன் திரட்டிய இன்டரப்ட் பட்டியலை எப்படி மறப்பது? மைக்ரோசாஃப்ட் வெளியே சொல்லாத டாஸ் ரகசியங்களும் அதில் இருந்தன. அதுவும் இலவசம்.

(1987இல் அகப்பட்ட ஜெருசலேம் வைரஸும் டி.எஸ்.ஆர். தான். அதையும் இலவச நிரல் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.)

அடுத்த பகுதியில் டாஸ் 5.0 வரும் என்று போட்டிருக்கிறீர்கள். 1991இல் அதோடு வந்த டாஸ்கீயைப் புதுமை என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். ஏற்கெனவே கொடுத்த கட்டளையை அம்புக்குறி விசையால் திரும்ப வரவழைப்பதை, கிறிஸ் டன்ஃபோர்டின் சி.இ.டி. என்ற இலவச நிரல் 80களின் நடுவிலேயே செய்துவந்தது. இடமிருந்தால் அப்படி ஒரு குட்டி நிரலின் வரிகளையும் அச்சிடுங்கள். டாஸின் இலவச மறுவடிவமான இன்றைய ஃப்ரீடாஸிலும் டீபக் இருக்கிறது; விருப்பமுள்ளவர்கள் தட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்