சிவப்புக் கூன்வண்டு தாக்கிய தென்னந்தோப்பை நேரில் ஆய்வு செய்யக் கோரும் மூன்றாவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பழனியிலிருந்து கொடைக்கானல் செல்லும் மலைச்சாலையில் வரதமாநதி அணையைத் தாங்கள் பலமுறை கடந்திருப்பீர்கள். அதற்குக் கீழே அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் தோப்பு. இதே பொருள் குறித்து முன்பு கொடுத்த இரண்டு மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டுகள் மட்டுமே என்னிடம் உள்ளன. எழுத்துப்பூர்வமான பதில் இல்லை.

1. மரங்களைத் தாக்கியிருப்பது சிவப்புக் கூன்வண்டு. அதன் புழுக்கள் தண்டுக்குள் இருந்துகொண்டு மரத்தைக் குடைந்து தின்பவை.

2. சாய்ந்த மரத்தைப் பிளந்து எடுத்த வண்டின் கெட்டியான மேல் இறக்கையை ஊசியால் தூக்கிப் பார்த்தபோது, அடியில் பழுப்பு நிற உண்ணிகள் தூள் தூவியதுபோல் அப்பியிருந்தன. இதை முதல் மனுவில் எழுதியதே எனக்கு வினையாயிற்று. விசாரிக்கச் சென்றபோது, உண்ணி என்றால் ஈரியோபைட் சிலந்திதான் என்று முடிவுகட்டி, வேரில் மருந்து கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1998இல் கேரளத்தில் தென்பட்டு இங்கும் பரவிய அந்தச் சிலந்தி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. குரும்பையின் தொட்டுக்கு (காம்பை ஒட்டி மூடியிருக்கும் இதழ்களுக்கு) அடியில் சாறு உறிஞ்சி, காயில் பழுப்புத் தழும்பை விட்டுச்செல்லும். எங்கள் காய்களில் தழும்பே இல்லை. வண்டோடு இருக்கும் உண்ணிகள் அதன் முதுகில் சவாரி செய்து மரத்துக்கு மரம் போகின்றனவே தவிர, தென்னையைத் தின்பவை அல்ல.

3. அந்த மருந்தை நம்பி நாங்கள் காத்திருந்த மாதங்களில் புழுக்கள் உள்ளே வேலையை முடித்துவிட்டன. தண்டில் காதை வைத்தால் நாரைக் கடிக்கும் நறநறப்பு கேட்கிறது. ஓட்டைகளில் செம்பழுப்பு நீர் வடிந்து புளித்த வாடை வீசுகிறது. மட்டைகள் பச்சையாகவே இருந்ததால் ஏமாந்தோம். ஒரு விடியற்காலையில் கொண்டை முறிந்து வாய்க்காலில் கிடந்தது. இதுவரை பதினொரு மரங்கள் போய்விட்டன, ஐயா! பஞ்சக் காலத்தில் என் தாயார் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து காப்பாற்றிய மரங்கள் அவை. பன்னிரண்டாவது மரத்திலும் சத்தம் கேட்கிறது. ஒருவராவது வந்து அதில் காதை வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

4. ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பூச்சியியல் வல்லுநர் ஒருவரை அனுப்பி வைக்க வேண்டுகிறேன். வண்டுகளை வாசனையால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளை, சுற்றியுள்ள எல்லாத் தோப்புகளிலும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். என் தோப்பில் மட்டும் வைத்தால் ஊர் வண்டுகளையெல்லாம் விருந்துக்கு அழைத்ததாகிவிடும்.

5. நேரில் வந்து பார்க்க உத்தரவிடுங்கள், ஐயா. மீண்டும் வேண்டுகிறேன், நேரில் வந்து பார்க்க உத்தரவிடுங்கள். உண்ணிகளோடு பிடித்த ஏழு வண்டுகளை ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் இம்மனுவுடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி