வாளித் தயிருக்கும் தேதி வேண்டும், நேரமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஓட்டலிலும் மெஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் ஒரே குறைதான். காலையில் வந்து இறங்கிய தயிர் மதியப் பந்திக்குள் புளித்துவிடுகிறது. எல்லோரும் வெயில் மேல் பழியைப் போடுகிறார்கள். வெயில் நம் ஊருக்குப் புதிதல்ல. அரைக் கிலோ பாக்கெட்டில் தேதி இல்லையென்றால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிற நாம், 10 கிலோ வாளியில் எதுவுமே எழுதாமல் வரும் தயிரைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறோம். குறை அங்கேதான் இருக்கிறது.

வீட்டுத் தயிருக்குப் பால் ஒரு கொதி வந்தால் போதும். விற்பனைக்கு 90 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம், அல்லது 85 டிகிரியில் அரை மணி நேரம் பால் அந்தச் சூட்டிலேயே நிற்க வேண்டும். அப்போதுதான் பாலில் கரைந்திருக்கும் மோர்ப் புரதம் வெந்து, தயிரைக் கட்டியாக்கும் கேசீன் என்ற பால் புரதத்தோடு ஒட்டி, தண்ணீரைப் பிடித்து வைக்கும். பாக்கெட் பாலுக்குத் தரப்படும் 72 டிகிரி, 15 விநாடிச் சூடு கிருமியைக் கொல்லத்தான். தயிர் கெட்டியாக அது உதவாது. இந்த இடத்தில் எரிபொருளை மிச்சம் பிடிப்பவர்களின் தயிர், வெட்டி எடுத்த ஐந்தாவது நிமிடமே தண்ணீர் விடும். அதை மறைக்க மாவு கலப்பவர்களும் உண்டு. அது கலப்படம். தயிரில் டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். மாவு இருந்தால் நீலம் ஏறும்.

அடுத்தது உறைமோர். நேற்றைய வாளியில் மிஞ்சியதையே இன்றைக்கும் உறை ஊற்றுவது பலரின் வழக்கம். நாள் போகப் போக அதில் புளிப்பு அதிகம் தரும் லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியாவின் கை ஓங்கும், காற்றிலிருந்து ஈஸ்ட்டும் சேரும். தயிர் நூல் மாதிரி இழுப்பதும், மூடி உப்பிக்கொண்டு வருவதும் இதனால்தான். உறை ஊற்றுவதற்கென்றே விற்கும் பாக்டீரியாவான கல்ச்சர் பாக்கெட்டை மைனஸ் 18 டிகிரியில் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறையாவது புதிதாகத் தொடங்க வேண்டும். பால் 42, 43 டிகிரிக்கு ஆறியதும் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்கு உறைமோர் போதும். சீக்கிரம் உறையட்டும் என்று ஐந்து பங்கு ஊற்றினால் புளிப்பும் சீக்கிரம் வரும்.

சில நாள் பால் உறையவே உறையாது. உடனே ‘புளிப்பை மறைக்கச் சோடா போட்ட பால்’ என்று விவசாயி மேல் பாய்வார்கள். சோடா இருந்தால் ரோசாலிக் அமிலச் சோதனையில் பால் ரோஜா நிறமாகும்; இரண்டு நிமிட வேலை, அதைச் செய்துவிட்டுப் பேசலாம். பல சமயம் உண்மைக் காரணம் மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால். மருந்து தங்கிய பாலில் கல்ச்சர் வளராது. எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று மருந்துப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. தினமும் கேனுக்கு 100 மில்லி வீதம் தனித்தனியாக உறை ஊற்றி வைத்தால், மருந்து தங்கிய பால் எந்தக் கேனில் வந்தது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்த தயிரும் கெட்டுப்போகிற இடம் வாளி. புளிப்பை அளக்கும் சோதனையில், 10 கிராம் தயிரின் அமிலத்தைச் சமன் செய்ய டெசிநார்மல் (0.1 நார்மல்) காஸ்டிக் சோடா கரைசல் 8 மில்லி செலவானால் புளிப்பு சுமார் 0.7 சதவீதம், குளிரில் வைக்கச் சரியான நேரம் அது. ஆனால் 43 டிகிரியில் உறைந்த 10 கிலோ வாளியைக் குளிரறையில் வைத்தால் ஓரம்தான் குளிரும். உறைந்த தயிர் உள்ளுக்குள் புரளாது என்பதால் நான்கைந்து மணி நேரம் கழித்தும் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே கிடக்கும். அங்கே புளிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். வாளி மேல் வாளி அடுக்கினால் இன்னும் மோசம். அகலமான 2 கிலோ டப்பாவில் உறைய வைத்து, டப்பாக்களுக்கு நடுவே காற்றுப் போக இடம் விட்டு, 5 டிகிரிக்கு வந்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். வாளிதான் வேண்டும் என்றால் ராத்திரி முழுவதும் குளிரட்டும். விடியற்காலையில் உறைந்ததைக் காலை எட்டு மணிக்கு இறக்காதீர்கள். பழைய பெயிண்ட் வாளியில் தயிர் அனுப்புகிறவர்களுக்கு எந்தச் சலுகையும் காட்டக் கூடாது.

ஓட்டல்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புளித்த தயிரில் பால் ஊற்றிப் பிரியாணிக்குப் பச்சடி போடுவது ஆம்பூர் வரை நடக்கிறது. ஒரு மணி நேரம் நாக்கை ஏமாற்றலாம். ஊற்றிய பாலின் சர்க்கரை அதே பாக்டீரியாவுக்குத் தீனி. சாயங்காலப் பந்திக்குள் முன்னைவிட அதிகமாகப் புளிக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகளின்படி, சில்லறைக்கு அல்லாத கொள்கலனிலும் பொருளின் பெயர், எடை, 14 இலக்க உரிம அல்லது பதிவு எண், தேதி, தொகுதி (பேட்ச்) எண், தயாரித்தவர் முகவரி இருந்தாக வேண்டும். பிறகு ஏன் ஒட்டுவதில்லை? வரி பயம். 2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய தயிருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், லேபிள் ஒட்டினாலே வரி என்று சிறு உற்பத்தியாளர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த மாதமே மத்திய அரசு தந்த விளக்கம் வேறு. எடையளவுச் சட்ட விதிகளில் ஓட்டல் போன்ற நிறுவன நுகர்வோருக்கு என்று விலக்கப்பட்ட பொட்டலம் இந்த வரிக்குள் வராது. ஆகவே வாளியில் ‘சில்லறை விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி நேரடியாக ஓட்டலுக்குத் தருபவர், உணவுப் பாதுகாப்பு லேபிளை ஒட்டப் பயப்பட வேண்டியதில்லை. இதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துப் பால் சேகரிப்பு மையங்களில் ஒட்டினாலே பாதிப் பேர் லேபிளுக்கு வந்துவிடுவார்கள்.

தேதியோடு, உறை ஊற்றிய நேரத்தையும் எழுதச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. சட்டம் நேரத்தைக் கேட்கவில்லை. ஆனால் கத்திரி வெயிலில் தயிருக்கு நாள் கணக்கு உதவாது, மணிக் கணக்குதான். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் மதியம் கடையில் மாதிரி எடுப்பதைவிட, விடியற்காலை வண்டியிலேயே வாளியின் நடுவில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்க்கட்டும். 5 டிகிரியா 25 டிகிரியா என்பதில் அந்தத் தயிரின் மதிய நிலவரம் தெரிந்துவிடும். சந்தேகப்படும் வாடிக்கையாளரும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆவது பிரிவின்படி கட்டணம் கட்டித் தானே பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இப்படிக்கு,
சிறு தயிர் உற்பத்தியாளர்கள் சிலர்,
காட்பாடி, குடியாத்தம்.